வால்வுச் சாவி யாரிடம்?

(அடுக்ககச் சங்கப் பொறுப்பாளர்கள், கடை மேலாளர்கள், மண்டப நிர்வாகிகள், நூலகர்கள் ஆகியோர் சென்னையில் கூடிய அவையில், காப்பீட்டு இழப்பு மதிப்பீட்டாளர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



என்னை யாரும் நல்ல நாளில் கூப்பிட்டதில்லை. கடை எரிந்திருக்கும், குடோனில் வெள்ளம் புகுந்திருக்கும், மறுநாள் காலை நான் நோட்டும் கேமராவுமாகப் போய் நிற்பேன். வாசலில் என்னைப் பார்த்ததுமே முதலாளியின் முகம் மாறும். ஒன்றுமே நடக்காத இடத்துக்கு அழைத்து, சால்வை போட்டு, காபியும் கொடுத்து என்னை உட்காரவைத்தவர்கள் நீங்கள்தான். நன்றி.

பேசச் சொன்ன பொருள், தீயணைப்பு ஸ்பிரிங்க்ளர் தவறுதலாகத் திறந்து தண்ணீர் கொட்டினால் ஏற்படும் சேதம். தீயில்லாமல் வருகிற தீ விபத்து என்று நான் இதைச் சொல்வதுண்டு. ஒரு சம்பவத்திலிருந்தே தொடங்குகிறேன். கடையின் பெயர் வேண்டாம்.

தீபாவளிக்குப் பத்து நாள். ஒரு ஜவுளிக்கடை, மூன்றாவது மாடி, பட்டுப் பிரிவு. இரவு பத்தரைக்கு ஷட்டர் இறக்கிவிட்டார்கள். பொம்மைகளுக்குப் புது மேடை கட்ட இரண்டு தச்சர்கள் மட்டும் உள்ளே. ஒருவர் அலுமினிய ஏணியைத் தோளில் வைத்துத் திரும்புகிறார். ஏணியின் மேல்முனை கூரையில் எதிலோ பட்டு, 'டொக்' என்று ஒரு சத்தம். அடுத்த கணம் கறுப்பாக, எண்ணெய் நாற்றத்தோடு தண்ணீர் பீய்ச்சியடிக்கிறது. சாக்கடைக் குழாய்தான் உடைந்துவிட்டது என்று நினைத்து அவர்கள் பக்கெட்டைத் தேடியிருக்கிறார்கள். பாவம், அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அது என்ன குழாய் என்று அந்தக் கடையில் யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

செக்யூரிட்டி கீழே பம்ப் ரூமுக்கு ஓடினார். சின்ன பம்ப் ஓடிக்கொண்டிருந்தது, அணைத்தார். குழாய்களில் அழுத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ளும் ஜாக்கி பம்ப் அது. அது நின்றதும் அழுத்தம் இன்னும் இறங்கியது. 'எங்கோ பெரிய தீ' என்று புரிந்துகொண்டு பெரிய பம்ப் தானாகவே எழுந்துவிட்டது. அது அப்படித்தான் ஓட வேண்டும், அதன் வேலையை அது சரியாகவே செய்தது. தானாக ஓடத் தொடங்கும் அந்தப் பம்பை ஆள் போய்த்தான் நிறுத்த வேண்டும் என்பது செக்யூரிட்டிக்குத் தெரியாது. சத்தத்தைக் கேட்டு அவர் மிரண்டுபோனார்.

மூன்றாவது மாடித் தண்ணீரை மட்டும் நிறுத்த ஒரு வால்வு இருந்தது. படிக்கட்டின் ஓரத்தில் ஷாஃப்ட், அதற்குக் கதவு, கதவில் பூட்டு. “சார், சாவி எலக்ட்ரீஷியன்கிட்ட இருக்கு” என்றார் செக்யூரிட்டி. எலக்ட்ரீஷியன் வியாசர்பாடியில் தன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் கடப்பாரை கொண்டுவந்து கதவை நெம்பி வால்வை மூடியபோது 23 நிமிடம் ஆகியிருந்தது.

காலை ஆறரைக்கு நான் போனேன். எஸ்கலேட்டர் இடைவெளி வழியாகத் தண்ணீர் இரண்டாவது மாடிக்கும் முதல் மாடிக்கும் இறங்கியிருந்தது. அரக்குக் கரையின் சாயம் வெள்ளை உடலில் ஊறி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய புடவைகள் ஒரே வீக்கமாகக் கிடந்தன. முதலாளி என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “தீயே வரலையே சார். எதுக்கு இவ்வளவு நஷ்டம்?”

அவருக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

இதோ, என் கையில் இருப்பதுதான் அந்த 'ஹெட்'. பின்வரிசையில் இருப்பவர்கள் உரை முடிந்ததும் வந்து பாருங்கள். பித்தளைச் சட்டம், கீழே பல் பல்லாக வெட்டிய ஒரு தட்டு. இரண்டுக்கும் நடுவே ஒரு கண்ணாடிக் குப்பி. குன்றிமணி அகலம், பாதித் தீக்குச்சி நீளம். உள்ளே சிவப்பாக ஒரு திரவம். உற்றுப் பார்த்தால் கொத்தனாரின் ரசமட்டத்தில் இருப்பது போல ஒரு சின்னக் குமிழி தெரியும். அந்தக் குமிழிதான் இதன் சூட்சுமம். சூடு ஏற ஏறத் திரவம் விரியும், குமிழி சுருங்கும். குமிழி காணாமல்போன பிறகும் சூடு ஏறினால் திரவத்துக்கு விரிய இடமில்லை. குப்பி வெடிக்கும். குப்பி முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்த அடைப்பு விழும், தண்ணீர் தட்டில் மோதிக் குடைபோல விரியும்.

குப்பியின் நிறத்தில் வெப்ப அளவு இருக்கிறது. ஆரஞ்சு 57 டிகிரி செல்சியஸ், சிவப்பு 68, மஞ்சள் 79, பச்சை 93, நீலம் 141. உங்கள் கட்டடங்களில் பெரும்பாலும் சிவப்புத்தான் தொங்கும்.

சினிமாவில் கதாநாயகன் சிகரெட் லைட்டரைக் காட்டினால் கட்டடம் முழுக்க மழை பெய்யும். அது சினிமா மழை. உண்மையில் எந்த ஹெட்டுக்குச் சூடு போய்ச் சேர்கிறதோ அந்த ஹெட் மட்டும்தான் திறக்கும். ஸ்பிரிங்க்ளர் வேலைசெய்த தீ விபத்துகளில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் ஒரே ஒரு ஹெட்தான் திறந்திருக்கிறது என்கிறது அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் கணக்கு. புகைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சாம்பிராணி போட்டால் புகை டிடெக்டர் கத்தும், ஸ்பிரிங்க்ளர் அசையாது. தாழ்ந்த கூரைக்கு நேர்கீழே ஹோம குண்டம் வைத்து நெய் ஊற்றினால் அது வேறு விஷயம். மண்டபக்காரர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

அப்படியென்றால் இது தானாக வெடிக்காதா? காப்பீட்டுத் துறையில் நெடுங்காலமாகச் சொல்லிவரும் ஒரு கணக்கு உண்டு. தயாரிப்புக் குறையால் ஒரு ஹெட் சும்மா திறந்துகொள்ளும் வாய்ப்பு, ஆண்டுக்கு 1 கோடியே 60 லட்சத்தில் ஒன்று. நான் பார்த்த வழக்குகளில் பெரும்பாலானவற்றில் குப்பி தானாக உடையவில்லை. யாரோ ஒருவர் உடைத்திருக்கிறார், அல்லது உடையும்படி விட்டிருக்கிறார்.

எப்படியெல்லாம் உடைகிறது?

முதலாவது, இடி. ஏணி, சாரக் கம்பு, ஃபோர்க்லிஃப்டின் முள், விளையாட்டுக் கூடத்தில் பந்து. கைக்கு எட்டும் உயரத்திலும் பந்து எட்டும் இடத்திலும் இருக்கும் ஹெட்டுக்குக் கம்பிக் கூண்டு போட வேண்டும். அலங்காரம் முக்கியமான இடத்தில், கூரைக்குள் மறைந்து, தட்டை மூடி மட்டும் தெரியும் வகை உண்டு. அந்த மூடி குறைந்த சூட்டிலேயே கழன்று விழும்படி செய்தது. அதற்கு மேல் பெயின்ட் அடித்து ஒட்டவைத்துவிட்டால் மூடியும் விழாது, ஹெட்டும் திறக்காது.

இரண்டாவது, தொங்கவிடுவது. ஹோட்டல் அறையில் விருந்தாளி பட்டுப் புடவையை ஹேங்கரோடு மாட்ட வசதியான கொக்கி தேடுவார். கூரையில் அழகாக ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். மண்டபத்தில் பூ அலங்காரக்காரர் சரத்தைக் கட்ட அதே இடத்தைத்தான் பார்ப்பார். பத்து முழம் மல்லிகைக்குக் கனம் இல்லை என்று நினைக்காதீர்கள். ஈரப் பூச்சரத்தை நான்கு பேர் இழுத்துக் கட்டும்போது விழும் விசை அந்தக் குன்றிமணிக் குப்பிக்கு அதிகம். இதற்குச் செலவில்லாத ஒரு வழி சொல்கிறேன். மண்டபத்தை விடும்போது அலங்காரக்காரர் கட்டுவதற்கென்றே கூரையில் வலுவான கொக்கிகளை அமைத்துக் கொடுங்கள். 'இங்கே கட்டாதே' என்று மட்டும் எழுதினால் கட்டுவார். 'அங்கே கட்டு' என்று காட்டினால் கேட்பார்.

மூன்றாவது, சூடு. இது நம் ஊருக்கே உரியது. ஓர் இடத்தில் எதிர்பார்க்கும் மிக அதிக வெப்பத்தைவிடக் குறைந்தது 30 டிகிரியாவது கூடுதலான ஹெட் போட வேண்டும் என்பது விதி. 68-இலிருந்து 30-ஐக் கழித்தால் 38. கத்திரி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே 38-இல் நிற்குமா? ஏ.சி. ஓடும் ஹாலுக்குச் சிவப்புப் போதும். தகரக் கூரை குடோன், கண்ணாடிக் கூரை முற்றம், பாய்லர் அறை, அடுப்புக்கு மேல் எல்லாம் அதே சிவப்பை மாட்டினால் நீங்களே வினையைத் தொங்கவிடுகிறீர்கள். அங்கே பச்சையோ நீலமோ வேண்டும். கட்டும்போது சரியாக மாட்டியிருப்பார்கள். பிறகு ஒரு நாள் உணவகக்காரர் தந்தூரி அடுப்பை நகர்த்தி வைப்பார், கூரையில் இருக்கும் ஹெட் நகராது. இடத்தின் பயன் மாறும்போதெல்லாம் அண்ணாந்து பார்க்க வேண்டும்.

நான்காவது, துரு. குழாய்க்குள் நிற்கும் தண்ணீரால் மட்டும் இரும்பு அவ்வளவு சீக்கிரம் கெடாது. தண்ணீரோடு சேர்ந்து மேல் வளைவுகளில் சிக்கிக்கொண்ட காற்றுதான் அரிக்கிறது. அதிலுள்ள பிராணவாயு தீர்ந்ததும் அரிப்பு ஏறக்குறைய ஓய்ந்துவிடும். நாமோ சின்னச் சின்ன வேலைக்கெல்லாம் குழாயைக் காலி செய்து மறுபடி நிரப்பி, ஒவ்வொரு தடவையும் புதுக் காற்றை உள்ளே அனுப்புகிறோம். போர்வெல் உப்புத் தண்ணீர் என்றால் கேட்கவே வேண்டாம். பத்து ஆண்டில் ஊசித் துளை விழும். அது பீய்ச்சியடிக்காது, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே மாதக்கணக்கில் சொட்டும். உயரமான முனைகளில் காற்றுப் போக்கி வையுங்கள். குழாயைக் காலி செய்யும் வேலைகளைச் சேர்த்துவைத்து ஒரே தடவையாகச் செய்யுங்கள். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை குழாயின் முனையைக் கழற்றி டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். அமெரிக்கப் பராமரிப்பு விதியான என்.எஃப்.பி.ஏ. 25 அப்படித்தான் சொல்கிறது.

ஐந்தாவது, ஸ்பிரிங்க்ளர் குழாயிலேயே செய்யும் வேலை. ஃபால்ஸ் சீலிங் மாற்றுகிறோம், தடுப்புச் சுவரை நகர்த்துகிறோம், ஹெட்டை இரண்டடி தள்ள வேண்டும் என்று பிளம்பரைக் கூப்பிடுவீர்கள். வால்வை மூடிவிட்டதாக அவர் நினைப்பார். மூடியது பக்கத்துப் பகுதியின் வால்வாக இருக்கும். அல்லது, வேலை முடிந்து போகும்போது ஓர் இணைப்பைக் கையால் மட்டும் திருகிவிட்டு, ரெஞ்ச் போட மறந்துபோவார்.

இந்த இடத்தில் என் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ரகசியம் என்பது மிகை. உங்கள் பாலிசியிலேயே அச்சடித்திருக்கிறது, யாரும் படிப்பதில்லை, அவ்வளவுதான். நம் நாட்டின் 'ஸ்டாண்டர்ட் ஃபயர் அண்ட் ஸ்பெஷல் பெரில்ஸ்' பாலிசியில் தானியங்கி ஸ்பிரிங்க்ளர் கசிவால் வரும் சேதத்துக்குக் காப்பு உண்டு. 2021 ஏப்ரலில் வந்த 'பாரத் கிருஹ ரக்ஷா' வீட்டுப் பாலிசியிலும் உண்டு. ஆனால் மூன்று விலக்குகள் இருக்கின்றன. கட்டடத்தில் பழுதுபார்ப்போ மாற்றமோ செய்வதால் வரும் சேதம். ஸ்பிரிங்க்ளர் அமைப்பையே பழுதுபார்ப்பது, அகற்றுவது, நீட்டிப்பது ஆகியவற்றால் வரும் சேதம். உங்களுக்குத் தெரிந்தே இருந்த கட்டுமானக் குறையால் வரும் சேதம்.

இப்போது நான் சொன்ன ஐந்து காரணங்களையும் இந்த மூன்றோடு சேர்த்துப் பாருங்கள். எப்போது அதிகம் உடைகிறதோ, அப்போதுதான் காப்பு கேள்விக்குறியாகிறது. அந்த ஜவுளிக்கடைத் தச்சர் செய்த மேடை வேலை 'மாற்றம்' ஆகுமா, ஆகாதா? அறிக்கை எழுதும்போது என் பேனா நின்ற இடம் அது. ஒரு துரு ஓட்டையைப் பராமரிப்பு ஆள் போன வருடமே ரெஜிஸ்டரில் எழுதிவைத்திருந்து, நீங்கள் கையெழுத்தும் போட்டிருந்தால், அது 'தெரிந்த குறை' என்று வாதாட எதிர்த்தரப்புக்கு வழி கிடைக்கும். அதற்காக ரெஜிஸ்டரில் எழுதாதீர்கள் என்று சொல்லவில்லை. எழுதியதைச் சரிசெய்துவிடுங்கள் என்கிறேன். வேலைக்கு வரும் ஒப்பந்தக்காரரிடம் அவர் பெயரில் காப்பீடு இருக்கிறதா என்று, ஏணி உள்ளே வரும் முன் கேளுங்கள்.

ஆகவே வேலை நடக்கும் நாளுக்கு ஒரு முறை வேண்டும். ஒரு துண்டுச் சீட்டுப் போதும். யார் வருகிறார், எந்த மாடி, எத்தனை மணி வரை. ஹெட்டுக்கு அருகில் வேலை என்றால் அந்தப் பகுதி வால்வை மட்டும் மூடி, அந்தப் பகுதிக் குழாயை வடித்துவிடுங்கள். வால்வில் சிவப்பு அட்டை கட்டுங்கள். மூடியிருக்கும் நேரம் முழுக்க ஒரு ஆள் தீயணைப்பானோடு அங்கேயே சுற்றிவர வேண்டும். வேலை முடிந்ததும், வந்தவர் கூலி வாங்கும் முன், வால்வைத் திறந்து, அழுத்தமானியைப் பார்த்து, அட்டையைக் கழற்றி உங்கள் மேசையில் கொண்டுவந்து வைக்க வேண்டும். அட்டை மேசைக்கு வராமல் பணம் போகக்கூடாது.

இத்தனை செய்தும் ஒரு நாள் உடையும். மனிதர்கள் இருக்கும் இடத்தில் ஏணி இருக்கும். உடைந்த பிறகு என்ன?

ஒரு சின்னக் கணக்கு. சாதாரண ஹெட்டின் வழியே நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வரும் என்பதற்கு, அழுத்தத்தின் வர்க்கமூலத்தை 80-ஆல் பெருக்க வேண்டும். அழுத்தம் 3 பார் என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 139 லிட்டர். அந்தக் கடையில் 23 நிமிடம் ஓடியது, 3,200 லிட்டர். சிறிய டேங்கர் லாரியில் பாதியைப் பட்டுப் பிரிவில் கவிழ்த்தது போல. அதே ஹெட் 4 நிமிடத்தில் அடைபட்டிருந்தால் 560 லிட்டருக்குள் முடிந்திருக்கும். ஒரு மாடியோடு போயிருக்கும், எஸ்கலேட்டர் வரை தண்ணீர் எட்டியிருக்காது. ஹெட் உடைந்ததற்குத் தச்சர் காரணம். மீதி 19 நிமிடத்துக்கு வியாசர்பாடிக்குப் போன சாவி காரணம். முதலாளி கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

அந்த நான்கு நிமிடத்தைச் சம்பாதிக்க என்ன வேண்டும்?

ஒவ்வொரு மாடிக்கும் தனி வால்வு. அது எங்கே இருக்கிறது என்று மாடியின் வாசலிலேயே தமிழில் பலகை. 'இந்த வால்வு 3-ஆம் மாடி கிழக்குப் பகுதிக்கு' என்று வால்விலேயே ஒரு தகடு. ஷாஃப்ட் கதவைப் பூட்டித்தான் ஆக வேண்டுமென்றால், சாவி கதவுக்குப் பக்கத்திலேயே கண்ணாடி பதித்த பெட்டியில் இருக்க வேண்டும். இரவு ஷிஃப்ட் செக்யூரிட்டிக்கு ஏஜென்சி ஆளை மாற்றும் ஒவ்வொரு முறையும், பணியில் சேரும் முதல் நாளே அந்த வால்வை அவர் கையால் ஒருமுறை திருப்பவைக்க வேண்டும். காட்டினால் போதாது. பத்து வருடம் திருப்பாத வால்வு பத்து வருடத் துருவோடு இருக்கும், அவசரத்தில் அசையாது.

வரிசையையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். முதலில் கண்ணால் பார்: தீ இருக்கிறதா, இல்லையா? இருந்தால் வால்வில் கை வைக்காதே. ஆட்களை வெளியேற்று, தீயணைப்புத் துறையை அழை. தீ இல்லை என்று உறுதியானால் அந்த மாடி வால்வை மூடு. பிறகு பெரிய பம்பை நிறுத்து. வடிகால் குழாயைத் திறந்து, அந்த மாடிக் குழாய்களில் நிற்கும் மீதித் தண்ணீரை அதன் வழியே விடு. நனைந்த பகுதியின் மின்சாரத்தைத் துண்டி. அதன் பிறகு துடைப்பத்தைத் தேடலாம். ஜாக்கி பம்பை மட்டும் அணைத்தால் என்ன ஆகும் என்று முன்பே சொல்லிவிட்டேன்.

வால்வுக்கு ஓடும் நேரத்தில் ஹெட்டிலேயே அடைக்கவும் ஒரு வழி உண்டு. ஆப்புபோல் சீவிய இரண்டு மரத்துண்டுகளை, உடைந்த ஹெட்டின் சட்டத்துக்குள் எதிரெதிராக நுழைத்து நெருக்கினால் தண்ணீர் நின்றுவிடும். வெளிநாட்டுத் தீயணைப்பு வீரர்கள் சட்டைப் பையிலேயே இதை வைத்திருப்பார்கள். நம் தச்சர் ஐந்து நிமிடத்தில் சீவிக் கொடுப்பார். ஒவ்வொரு மாடி வால்விலும் ஒரு ஜோடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். மாற்று ஹெட்டுகளும் கையிருப்பில் வேண்டும். சிறிய கட்டடத்துக்கே குறைந்தது 6, அதே வெப்ப அளவில், அவற்றைத் திருகும் தனி ரெஞ்சோடு. இவை இல்லாத கட்டடத்தில் இரவு உடைந்தால், கடை திறந்து புது ஹெட் வரும்வரை வால்வு மூடியே கிடக்கும்.

அப்படி மூடியே கிடக்கும் வால்வைப் பற்றித்தான் இப்போது சொல்ல வேண்டும்.

அந்த ஜவுளிக்கடைக்கு மூன்று மாதம் கழித்து வேறு வேலையாகப் போனேன். ஷாஃப்ட் கதவு திறந்திருந்தது. மூன்றாவது மாடி வால்வு மூடி, கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தது. “இனிமே வேண்டவே வேண்டாம் சார், தண்ணியைப் பார்த்தாலே பயமா இருக்கு” என்றார் மேலாளர். நூல், பட்டு, பாலியெஸ்டர், அட்டைப்பெட்டி நிறைந்த ஒரு மாடி. தலைக்கு மேலே நூற்றுக்கணக்கான ஹெட். உள்ளே ஒரு சொட்டு இல்லை. பயம் நியாயமானதுதான், எடுத்த முடிவு ஆபத்தானது. ஸ்பிரிங்க்ளர் இருந்தும் வேலைசெய்யாமல்போன தீ விபத்துகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில், அமைப்பை யாரோ முன்பே மூடிவைத்திருந்தார்கள் என்கிறது அதே அமெரிக்கச் சங்கத்தின் கணக்கு.

தண்ணீருக்குப் பயந்தவர்களின் கதை ஒன்று லாஸ் ஏஞ்சல்ஸ் மத்திய நூலகத்தில் நடந்தது. புத்தகத்துக்குத் தண்ணீர் எமன் என்று அக்கால நூலகர்கள் நம்பினார்கள். புத்தக அடுக்குகளுக்கு மேல் ஸ்பிரிங்க்ளர் வைக்கவில்லை. 1986 ஏப்ரல் 29 அன்று அந்த அடுக்குகளில் தீ பிடித்து ஏழு மணி நேரத்துக்கு மேல் எரிந்தது. ஏறத்தாழ 4 லட்சம் புத்தகங்கள் சாம்பல். இன்னும் 7 லட்சம் புகையிலும் தண்ணீரிலும் கெட்டன. ஸ்பிரிங்க்ளர் வேண்டாம் என்று தள்ளிய தண்ணீர், தீயணைப்பு வீரர்களின் ஹோஸ் குழாய் வழியாகப் பல மடங்காக வந்தது. ஒரு ஹெட் நிமிடத்துக்கு நூற்றுச் சொச்சம் லிட்டர் விடும், ஒரே ஒரு ஹோஸ் அதைப்போல ஏழெட்டு மடங்கு பாய்ச்சும். நனைந்த புத்தகங்களைப் பூஞ்சணம் பிடிக்கும் முன் மீன், காய்கறி உறைய வைக்கும் குளிர்கிடங்குகளில் உறையவைத்தார்கள். பின்னர் மெக்டானல் டக்ளஸ் விமானத் தயாரிப்பு நிறுவனத்தின் வெற்றிடக் கூடத்தில்கூட உலர்த்தினார்கள். நூலகம் மீண்டும் திறக்க 1993 ஆகிவிட்டது.

எதிர்ப்பக்கக் கதை பிலடெல்ஃபியாவில். ஒன் மெரிடியன் பிளாசா, 38 மாடி. 1991 பிப்ரவரி 23 இரவு 22-ஆவது மாடியில் தொடங்கிய தீ, ஒவ்வொரு மாடியாக ஏறியது. மூன்று தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள். உள்ளே நின்று அணைப்பதைக் கைவிட்டு எல்லோரையும் வெளியே வரவழைத்தார்கள். அந்தத் தீ 30-ஆவது மாடியில் நின்றது. அங்கே வாடகைக்கு இருந்தவர் தன் மாடிக்கு ஸ்பிரிங்க்ளர் போட்டிருந்தார். திறந்தது 10 ஹெட். ஒரு நகரத்தின் தீயணைப்புப் படையால் முடியாததை அந்தப் பத்தும் செய்தன.

இன்னொன்றும் சொல்கிறேன். தானியங்கி ஸ்பிரிங்க்ளருக்கு 1874-இல் காப்புரிமை வாங்கிய ஹென்றி பார்மலி என்ன தொழில் செய்தார் தெரியுமா? அமெரிக்காவின் நியூ ஹேவன் ஊரில் பியானோ செய்துவந்தார். மரமும் கம்பளித் துணியும் பசையும் கொண்டு செய்வது பியானோ. தண்ணீர் பட்டால் தொலைந்தது. அப்படிப்பட்டவர்தான் தன் பட்டறைக் கூரையில் தண்ணீர்க் குழாயைப் பூட்டினார். நனைந்தால் சில பியானோ போகும், எரிந்தால் பட்டறையே போகும் என்ற கணக்கு அவருக்குத் தெரிந்திருந்தது.

தண்ணீரே ஆகாத இடங்கள் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். சர்வர் அறை, ஓலைச்சுவடிக் கிடங்கு, அருங்காட்சியகம். அங்கே 'ப்ரீ-ஆக்‌ஷன்' என்ற முறை இருக்கிறது. குழாயில் காற்று மட்டும் இருக்கும், தண்ணீர் வால்வுக்கு அப்பால் காத்திருக்கும். டிடெக்டர் தீயை உணர்ந்தால்தான் தண்ணீர் குழாய்க்குள் நுழையும், ஹெட்டும் சூட்டில் திறந்தால்தான் கொட்டும். இரண்டு சாட்சி வேண்டும். ஏணி இடித்து ஹெட் மட்டும் உடைந்தால் காற்றுப் போய் அலாரம் அடிக்கும், ஒரு சொட்டு விழாது. செலவு அதிகம், பராமரிப்பும் அதிகம். கட்டடம் முழுக்கத் தேவையில்லை, அந்த ஓர் அறைக்குப் போதும்.

“தண்ணீரே வேண்டாம், கேஸ் போட்டுவிடலாமே” என்று சிலர் கேட்பார்கள். கேஸிலும் தவறு நடக்கும். 2016 செப்டம்பரில் புகாரெஸ்ட் நகரில் ஐ.என்.ஜி. வங்கியின் டேட்டா சென்டரில் தீயணைப்பு கேஸைச் சோதித்துப் பார்த்தார்கள். கேஸ் பீறிட்ட சத்தத்தின் அதிர்விலேயே ஹார்டு டிஸ்குகள் கெட்டு, ஏ.டி.எம். உட்படச் சேவைகள் பல மணி நேரம் நின்றன. 2008 நவம்பரில் ரஷ்யாவின் நெர்ப்பா நீர்மூழ்கியில் தீயணைப்பு வாயு தவறுதலாகத் திறந்து 20 பேர் இறந்தார்கள். தண்ணீரில் நனைந்தவர் வீட்டுக்குப் போய்த் தலை துவட்டிக்கொள்ளலாம்.

கடைசியாக, தண்ணீர் கொட்டிய பிறகும் காப்பாற்றக்கூடியவை நிறைய. சரக்கைத் தரையில் நேரடியாக வைக்காதீர்கள், ஒரு சாண் உயரத்தில் மரப்பலகை மேல் வையுங்கள். கொட்டும் தண்ணீரில் பெரும்பகுதி தரையில்தான் பரவும். எஸ்கலேட்டர் வாயையும் லிஃப்ட் வாசலையும் மறிக்க மணல் மூட்டையோ ரப்பர் தடுப்போ மாடிதோறும் வேண்டும். ஜிப்சம் சீலிங் தொப்பை போட்டுத் தொங்கினால் நேர்கீழே நிற்காதீர்கள். ஓரமாக நின்று நீளக் கம்பால் ஒரு துளை போட்டு வடித்துவிடுங்கள், இல்லையென்றால் மொத்தமாக விழும். ஒன்றிரண்டு நாளுக்குள் உலராத இடத்தில் பூஞ்சணம் வரும். எனவே ஃபேனையும் ஈரம் உறிஞ்சும் கருவியையும் அன்றே போடுங்கள். நனைந்த பட்டை அடுக்கோடு விடாமல் நிறம் வாரியாகப் பிரித்து விரியுங்கள். நனைந்த ஆவணத்தைப் பிரிக்காமல் பிளாஸ்டிக்கில் சுற்றி ஃப்ரீசரில் வையுங்கள், பிரிக்கப்போனால் கிழியும். எதையும் தூக்கி எறியும் முன் போட்டோ எடுங்கள், அது எனக்காக.

ஐம்பது வயதைத் தாண்டிய எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மணமக்களைப் பார்க்கும் முன் கூரையைப் பார்க்கிறேன். என் மனைவிக்கு அதில் வருத்தம்தான். உங்களுக்கு அவ்வளவு வேண்டாம். இன்றிரவு வீட்டுக்கோ கடைக்கோ திரும்பும்போது லிஃப்டில் ஏறாமல் படியில் ஏறுங்கள். உங்கள் மாடி வந்ததும் ஷாஃப்ட் கதவைத் தள்ளிப் பாருங்கள். திறந்தால் உள்ளே வால்வு திறந்த நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். பூட்டியிருந்தால் கீழே போய் செக்யூரிட்டியிடம் சாவி கேளுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள். சாவி உங்கள் கைக்கு வர எத்தனை நிமிடம் ஆகிறதோ, அதை 139-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

அந்தத் தொகை சிறியதாக இருக்கட்டும். அப்படி இருந்தால் நாம் தொழில்முறையில் சந்திக்க வேண்டியிராது.